சரக்குக்கு எந்தக் கரையின் சட்டம்? பிம்ஸ்டெக் செயலகத்துக்கு ஒரு திறந்த மடல்

வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் டாக்கா செயலகத்துக்கும், அதன் ஏழு உறுப்பு நாடுகளின் சட்ட அமைச்சகங்களுக்கும் வணக்கம்.

தூத்துக்குடியில் ஏற்றுமதிக்கான ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். என் மேசையைத் தாண்டிப் போகும் சரக்கில் பெரும்பகுதி கொழும்புக்குத்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கண்டெய்னர் மிளகாய் வத்தல் கொழும்பின் வணிகப் பகுதியான புறக்கோட்டைக்குப் போனது. விற்றவரும் தமிழர், வாங்கியவரும் தமிழர். பேரம் முழுக்க வாட்ஸ்அப்பில். கப்பல் தாமதமானதில், திறந்து பார்த்தபோது ஓரத்து மூட்டைகளில் ஈரம் இறங்கிப் பூசணம் பூத்திருந்தது. விற்றவர் மீது தப்பில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், "பாதி நஷ்டம் என்னோடது தம்பி, அடுத்த மாசம் அனுப்பிடுறேன்" என்று குரல் பதிவு அனுப்பினார். அந்த அடுத்த மாசத்தில் அவர் தவறிவிட்டார். பிள்ளைகள் கொடுக்க மறுத்தார்கள்.

எங்கள் வக்கீல் சொன்னார்: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, மறுபயன், அதாவது பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்கு சில விலக்குகள் தவிர செல்லாது. கொழும்புச் சட்டத்தரணி சொன்னார்: இங்கே ஒப்பந்தங்களுக்கு டச்சுக்காரர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம்; மறுபயன் வேண்டியதில்லை, மனதார, நியாயமான காரணத்தோடு கொடுத்த வாக்கு கட்டும்; 1918இலேயே, அன்று இலங்கை வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதை ஏற்றுவிட்டது. இரண்டு பேருமே அவரவர் சட்டப்படி சரி.

அப்படியானால் எந்தச் சட்டம்? இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தேன். அடியில் நானே குத்திய முத்திரை: "தூத்துக்குடி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது." வழக்கு எங்கே நடக்கும் என்பதை அது சொல்கிறது. எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பு என்பதைச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் ஆயிரக்கணக்கான இன்வாய்ஸ்களில் அந்த முத்திரையைக் குத்தியிருக்கிறேன். இங்கே வழக்குப் போட்டு இலங்கைச் சட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால், நிபுணரைக் கொண்டுவந்து சாட்சியமாக நிரூபிக்க வேண்டும். அந்தச் செலவு கேட்ட தொகையைத் தாண்டும் என்று தெரிந்ததும் புறக்கோட்டைக்காரர் விட்டுவிட்டார். அதன்பின் அவர் எங்களிடம் ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை.

இந்தியாவில் இதற்கென்று இயற்றிய சட்டம் கிடையாது. நீதிமன்றங்கள் வகுத்த வழிதான். தேசிய அனல் மின் கழகத்துக்கும் சிங்கர் கம்பெனிக்கும் இடையிலான வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை விளக்கியது: இருதரப்பும் தேர்ந்த சட்டம் செல்லும், தேராவிட்டால், ஒப்பந்தத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ள சட்டம். எங்கள் வத்தலுக்கு எது நெருக்கம்? பேச்சு இரண்டு கரையிலும், ஏற்றியது இங்கே, இறக்கியது அங்கே, விலையோ டாலரில்.

ஐரோப்பியர்கள் இந்தக் கேள்விக்கு 1980இல் ரோம் உடன்படிக்கையில் பொது விடை எழுதினார்கள். 2008இல் அதையே ரோம் 1 என்ற ஒழுங்குவிதியாக இறுக்கினார்கள். சட்டத்தைத் தேராமல் சரக்கு விற்றால், விற்பவர் இருக்கும் நாட்டின் சட்டம். வேறொரு நாட்டோடு தொடர்பு வெளிப்படையாக அதிகம் என்றால் மட்டும் விலக்கு. வழக்குப் போடும் காலக்கெடுவும் அதே சட்டப்படிதான். நுகர்வோருக்கும் தொழிலாளருக்கும் தனிப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். காலக்கெடு எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. சரக்குப் பாக்கிக்கு இந்தியாவில் மூன்று வருஷம். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விற்று ஒப்படைத்த சரக்குக்கு இலங்கையில் ஒரே வருஷம்.

அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1994 மார்ச்சில் மெக்சிகோ நகரில் இதே நோக்கத்தோடு கூடின. வணிக வழக்கங்களுக்கும் இடம் கொடுத்த நல்ல உடன்படிக்கை அது. ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. மெக்சிகோவும் வெனிசுவேலாவும் மட்டுமே ஏற்புறுதி செய்தன, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதி கொடுத்தன. பராகுவே சேராமலே 2015இல் அதன் சாரத்தைத் தன் உள்நாட்டுச் சட்டமாக்கிக்கொண்டது. கையெழுத்து விழாவோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே பாருங்கள். ஏற்புறுதிக்கு ஒரு கெடு வையுங்கள். அதுவரை பராகுவே போல அவரவர் சட்டமன்றத்திலேயே இயற்றினாலும் எங்களுக்குப் போதும்.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. 2022இல் கொழும்பு உச்சி மாநாட்டில் குற்ற விவகாரங்களில் பரஸ்பர சட்ட உதவிக்கு உடன்படிக்கை போட்டீர்கள். ஏழு நாட்டுச் சட்ட அதிகாரிகளும் ஒரே வாசகத்துக்கு வந்தார்கள். அதே மேசையில் வணிக ஒப்பந்தத்துக்கும் ஒரு வரைவை வையுங்கள். தேர்ந்த சட்டம் செல்லட்டும். தேராதபோது ஒரே வரியில் விடை இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வியாபாரமும் அதற்குள் வரட்டும்.

போன வாரம் ஒரு புது இன்வாய்ஸில் "இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது" என்று சேர்த்தேன். கொழும்பிலிருந்து உடனே அழைப்பு வந்தது: "ஏன் அண்ணே, எங்கட சட்டத்துக்கு என்ன குறை?" அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஓர் ஏற்றுமதி ஆவணக்காரர்