சென்னையில் கடை ஏன் போடவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"சென்னையில ஒரு கருவாட்டுக் கடை போடுங்கண்ணே, நேர்லயே வந்து வாங்கிக்கிறோம்" என்று வேளச்சேரியிலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பொங்கல் கழிந்ததும் போய் இடமும் பார்த்துவிட்டு வந்தோம். இப்போதைக்குப் போடுவதாக இல்லை. காரணத்தைக் கணக்கோடு சொல்லிவிடுகிறோம்.

வேளச்சேரியில் பார்த்த கடை பத்துக்குப் பதினைந்து. இங்கே மண்டபம் ஊரில் நாங்கள் சாக்கு அடுக்கும் இடமே அதைவிடப் பெரிது. வாடகை 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 35,400. அட்வான்ஸ் பத்து மாத வாடகை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது; இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் செல்லும் என்று அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. புரோக்கர் அந்த வழியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

சரி, மாதம் 300 கிலோ விற்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். வாடகை மட்டும் கிலோவுக்கு 118 ரூபாய். இங்கே வேலை பார்க்கும் பையன்கள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறார்கள். அங்கே என்றால் ரூம் வேண்டும், மெஸ் வேண்டும். ஆளுக்கு 18,000க்குக் குறைந்தால் எவனும் வர மாட்டான், வரச் சொல்லவும் மனசு இல்லை. இரண்டு பேருக்கு 36,000, கிலோவுக்கு 120. இன்று 600 ரூபாய்க்குக் கொடுக்கும் நெத்திலிக் கருவாடு, கரண்ட் பில் வருமுன்னே 838 ஆகிவிடும். கூடுகிற அந்த 238 ரூபாயில் மீன் பிடித்தவருக்கும் காய வைத்தவருக்கும் ஒரு பைசா கிடையாது.

இன்னோர் இடத்தில் இந்தக் கணக்குக்கே வேலை வரவில்லை. என்ன வியாபாரம் என்று கேட்டார் ஓனர். கருவாடு என்றோம். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நீங்கள் அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது தெரியாமல் இல்லை. எங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். வாடகை, மெயின்டனன்ஸ், ஸ்கூல் பீஸ், ஓஎம்ஆர் பக்கம் என்றால் லாரித் தண்ணீர், அப்புறம் குடிக்கக் கேன். (தண்ணீருக்குக் காசு கொடுப்பதில் நாங்களும் உங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. இங்கே ஊற்றில் பாதி உப்பு. வண்டி வந்தால் குடத்தோடு ஓட வேண்டியதுதான்.) இரண்டு கிலோ வாங்கிய வீடுகள் இப்போது அரைக் கிலோ கேட்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதில்தான் ஒரு சங்கடம். பேருந்து பார்சலில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு. அரைக் கிலோ அனுப்பினாலும் அதுதான், ஐந்து கிலோ அனுப்பினாலும் ஏறக்குறைய அதுதான். அதனால் ஒரே அபார்ட்மென்டில் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். வீட்டுக்கு வீடு தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே பெயர் எழுதி, ஒரே பெட்டியில் அனுப்புகிறோம். தனிப் பொட்டலத்துக்குக் கூடுதல் காசு இல்லை. வாடை வெளியே வராத மாதிரி காற்றெடுத்த கவரில்தான் வரும். லிப்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வறுக்கும்போது வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

தலை கிள்ளிய நெத்திலிக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதல். உட்கார்ந்து கிள்ளும் அக்காமார்களின் கூலி அது, அதில் கை வைக்க மாட்டோம். டிவி பார்த்துக்கொண்டே நீங்களே கிள்ளிக்கொண்டால் அது உங்களுக்கு மிச்சம்.

விலையை ஏற்றவே மாட்டோம் என்றும் சொல்ல முடியாது. ஒரு கிலோ கருவாட்டுக்கு மூன்று கிலோவுக்கு மேல் பச்சை மீன் காய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவதைப் பச்சையாகவே போட்டி போட்டுத் தூக்கிவிடுவார்கள், காய வைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். வெயில் கொளுத்தும் அந்த இரண்டு மாதமும் எங்கள் களம் பாதி காலியாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ்: மீன் கிடைக்கும், வெயில் கிடைக்காது. பாதி காய்ந்ததுமே எடுத்து எடையைக் கூட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சரக்கை வாங்கிப் பத்து நாள் வைத்திருந்தால் பூஞ்சை சொல்லிவிடும். மழை மாதங்களில் 'ஸ்டாக் இல்லை' என்று நாங்கள் சொல்வது அதனால்தான், பதுக்கல் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லி வைப்பவர்களுக்கு நெத்திலி, காரல், சீலா மூன்றும் இன்றைய விலைக்கே. பணம் சரக்கு வந்து சேர்ந்த பிறகு அனுப்பினால் போதும். புதிதாகச் சேர்பவர்கள் மட்டும் பாதியை முன்னால் அனுப்புங்கள். திருக்கை கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டும், இன்னும் காயவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கருவாட்டுக் கடை,
மண்டபம்