பொசுங்கின பூனை

மச்சான்,

சௌக்கியமா? வீட்ல தங்கச்சி, பசங்க எல்லாம் எப்படி இருக்காங்க? நீ அனுப்பின ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜை மூணு தடவ போட்டு கேட்டேன், பாதி பஸ் ஹாரன்தான் கேக்குது, ஆனாலும் விஷயம் புரிஞ்சுது. அடுத்த நகராட்சி எலக்‌ஷன்ல நம்ம வார்டுல சுயேச்சையா நிக்கப் போற, தங்கச்சி உன்கூட பேசுறதையே நிறுத்திடுச்சு, அதனால என்கிட்ட யோசனை கேக்குற. 31 வருஷம் பில் கலெக்டரா ஊர் முழுக்க படி ஏறி இறங்கினவன்கிட்ட கேட்டா வேற என்னடா சொல்லுவேன், வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா இங்க வந்ததுல இருந்து ஒரு ஆளைப் பத்தி படிச்சுட்டு இருக்கேன், அதனால சட்டுன்னு வேணாம்னு சொல்ல வாய் வரல. ஃபோன்ல சொன்னா குறுக்க குறுக்க பேசுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

மக வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. ஊரு பேரு நார்த்தாம்ப்டன், மாசசூசெட்ஸ் மாநிலத்துல மேற்குப் பக்கம். காலைல எட்டு மணிக்கு ரெண்டு பேரும் வேலைக்குக் கெளம்பிட்டா வீட்ல நானும் ஃப்ரிட்ஜும்தான். ஃபோர்ப்ஸ் லைப்ரரின்னு ஒரு பழைய கல் கட்டடம் இருக்கு, ஹீட்டர் நல்லா போடுறாங்க, ஏன் வந்தேன்னு யாரும் கேக்குறதில்ல, அங்க போய் உக்காந்துக்குவேன். அதுக்குள்ளயே ஒரு ஜனாதிபதியோட மியூசியம். கால்வின் கூலிட்ஜ், அமெரிக்காவோட 30வது ஜனாதிபதி. அவர் வெள்ளை மாளிகையில வெச்சிருந்த கரண்ட் குதிரை ஒண்ணு அங்க இருக்கு மச்சான், எக்சர்சைஸுக்காக அதுமேல ஏறி உக்காந்து ஆடுவாராம். பொருட்காட்சியில காசு குடுத்து பசங்களை ஏத்தி விடுவோமே, அதே வேலைதான். அதைப் பாத்து சிரிச்சுட்டுத்தான் இந்த ஆளைப் பத்தி படிக்கவே ஆரம்பிச்சேன்.

ஜனாதிபதி கதை நமக்கு எதுக்கு, அது பெரிய எடத்து விவகாரம். இதே ஊர்ல 1910, 1911 ரெண்டு வருஷம் மேயரா இருந்திருக்காரு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மாநில சட்டசபையில இருந்திருக்காரு, அதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அப்ப இந்த ஊரு ஜனத்தொகை இருபதாயிரத்துக்கும் கம்மி, நம்ம ஊர்ல பாதி கூட வராது.

ஆளு இந்த ஊர்க்காரரும் இல்ல. பக்கத்து மாநிலம் வெர்மாண்ட்ல பிளிமத் நாட்ச்னு ஒரு மலைக்கிராமம், 1872 ஜூலை 4ஆம் தேதி பொறந்தாரு. அப்பா விவசாயம், மளிகைக்கடை, அந்த மாநில சட்டசபையிலயும் இருந்தவரு. பன்னெண்டு வயசுல அம்மா போயிட்டாங்க, அடுத்த அஞ்சு வருஷத்துல ஒரே தங்கச்சியும் போயிடுச்சு, அதுக்கப்புறம் ஆளு பேசுறதே கொறஞ்சு போச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன், நெஜமா சின்ன வயசுல இருந்தே கூச்ச சுபாவமாம். பக்கத்துல ஆம்ஹெர்ஸ்ட் காலேஜ்ல 1895ல டிகிரி முடிச்சுட்டு இந்த ஊருக்கு வந்து, லா காலேஜ் எல்லாம் போகாம, ஒரு வக்கீல் ஆபீஸ்ல உக்காந்தே சட்டம் படிச்சு 1897ல வக்கீல் ஆயிட்டாரு. மொதல்ல கவுன்சிலர், அப்புறம் முனிசிபாலிட்டிக்கு வக்கீல், அப்புறம் கோர்ட்டு கிளார்க், அப்புறம் ஊர்ல ரிபப்ளிகன் கட்சிக்குத் தலைவர், ஒரு படியக்கூட தாண்டிக் குதிக்கல.

பொண்ணு பாத்த கதை கேளு. ஜன்னல் தெறந்து கிடக்கு, இவரு உள்ளாடையோட தலையில தொப்பியும் மாட்டிக்கிட்டு ஷேவ் பண்ணிட்டு இருக்காரு, வெளிய பூச்செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்த ஒரு டீச்சரம்மா அதைப் பாத்துட்டு வாய்விட்டு சிரிச்சிருக்காங்க. கிரேஸ்னு பேரு, இங்க கிளார்க் ஸ்கூல்ல காது கேக்காத பசங்களுக்குப் பாடம் எடுத்தவங்க. அந்தம்மாவத்தான் 1905ல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. கல்யாணம் ஆன கையோட ஒரு பையில கிழிஞ்ச சாக்ஸ் 52 ஜோடி கொண்டாந்து குடுத்தாராம் தைக்கச் சொல்லி, இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களான்னு கேட்டதுக்கு, இல்ல, ஆனா ரொம்ப வசதியாத்தான் இருக்குன்னு சொன்னாராம். நம்ம வீட்ல இப்படி சொல்லிப் பாரு, தெரியும்.

அதே வருஷம் ஸ்கூல் கமிட்டி எலக்‌ஷன்ல நின்னு தோத்தாரு. ஜனங்க ஓட்டுப் போட்டு அவரு தோத்தது வாழ்க்கையில அந்த ஒரு தடவதான், அதுக்கப்புறம் ஜனாதிபதி வரைக்கும் தோக்கல. தெருவுல ஒருத்தரு மூஞ்சிக்கு நேராவே, நான் உனக்குப் போடல, பள்ளிக்கூடத்துல உனக்குப் புள்ளையே இல்லையேன்னு சொல்லியிருக்காரு. இவருக்குக் கல்யாணம் ஆகியே கொஞ்ச நாள்தான். அதுக்கு இவரு, கொஞ்சம் டைம் குடுங்கய்யான்னாராம், அவ்ளோதான். நானா இருந்தா அந்த ஆளு வீட்டு சொத்து வரி ஃபைலை எடுத்துப் பாத்திருப்பேன்.

1906 எலக்‌ஷன்ல ஜெயிச்சு மாநில சட்டசபைக்குப் போறாரு, தலைநகரம் பாஸ்டனுக்கு. அப்பல்லாம் அங்க பதவிக்காலம் ஒரே வருஷம்தான் மச்சான், மேயருக்கும் அப்படித்தான். வருஷா வருஷம் ஓட்டு கேக்கணும். நம்ம ஊர்ல ஒரு தடவ ஜெயிச்சா அஞ்சு வருஷம், முதல் நாலு வருஷம் கவுன்சிலரைத் தெருவுல பாத்தவங்க யாரு? இவரு போகும்போது ஊர்க்காரர் ஒருத்தரு சபாநாயகருக்கு அறிமுகக் கடுதாசி குடுத்து விட்டிருக்காரு, இந்த ஆளு நெருப்புல பொசுங்கின பூனை மாதிரி, பாக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா பாக்குறத விட சரக்கு உள்ளன்னு. சிபாரிசு லெட்டர்னா அது சிபாரிசு லெட்டர். ஒரு நாளைக்கு ஒரு டாலர் வாடகைக்கு ஹோட்டல் ரூம்ல தங்கிட்டு, லீவுக்கு ரயிலேறி வீட்டுக்கு வந்துடுவாரு. ரெண்டு வருஷம் அப்படி ஓடுச்சு. அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வேணும்னு ஆதரிச்சிருக்காரு, வாரத்துக்கு ஆறு நாள்தான் வேலைன்னும் ஆதரிச்சிருக்காரு, அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயம் இல்ல. இதுக்குள்ள ரெண்டு பையன் பொறந்தாச்சு, போதும்னு ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழிலைப் பாத்தாரு.

1909 டிசம்பர்ல மேயர் எலக்‌ஷன். ஜெயிச்ச வித்தியாசம் இருநூறு ஓட்டு கூட இல்ல. இங்கதான் நீ கவனிக்கணும். இவருக்கு மேடைப்பேச்சு வராது, தோள்ல கை போட்டு பேச வராது, குழந்தையத் தூக்கிக் கொஞ்சவும் வராது. வீடு வீடா போயி, கதவத் தட்டி, உங்க ஓட்டு எனக்கு வேணும், போட்டா சந்தோஷப்படுவேன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டே இருப்பாராம். எதிர்க்கட்சி டெமாக்ரட் வீடா இருந்தாலும் விடுறதில்ல, அவங்க ஓட்டும் கணிசமா விழுந்திருக்கு. வரி கேட்டுப் போறப்ப நாம கதவு முன்னாடி நிக்கிற மாதிரிதான், எனக்குப் படிக்கப் படிக்க கால் வலிச்சுது.

மேயரா என்ன சாதிச்சாருன்னு தேடினா பெருசா ஒண்ணும் கெடைக்காது. ஊருக்கு இருந்த கடனைக் கொஞ்சம் அடைச்சாரு, வரியைக் கொஞ்சம் கொறச்சாரு, டீச்சருங்களுக்கு சம்பளம் ஏத்தினாரு. படிக்கிறவங்களுக்கு இது ரெண்டு வரி, ஆனா நகராட்சி ஆபீஸ் உள்ள இருந்தவனுக்குத்தான் தெரியும் இந்த மூணையும் ஒரே பட்ஜெட்ல பண்றது எவ்ளோ கஷ்டம்னு. நான் வேலை பாத்த காலத்துல ஒரு வருஷம் வர வேண்டிய வரியில பாதிகூட வசூல் ஆகாம, துப்புரவுப் பணியாளருங்களுக்கு தீபாவளி முடிஞ்சு சம்பளம் போட்டோம், நான்தான் கவுன்டர்ல உக்காந்திருந்தேன், ஒரு அம்மா கையெழுத்து போடுறப்ப பேனாவ அழுத்தின அழுத்துல ரிஜிஸ்டர்ல ஓட்டை விழுந்துச்சு. சிலை வெச்சவன் பேரு கல்வெட்டுல இருக்கும், சம்பளத்தை ஒண்ணாம் தேதி போட்டவன் பேரு எங்க இருக்கு?

அந்த 1910லதான் அவங்க அப்பா வெர்மாண்ட்ல மேல்சபைக்குப் போறாரு. மகன் அப்பாவுக்கு லெட்டர் எழுதுறாரு, நல்ல மசோதாவ நிறைவேத்துறத விட கெட்ட மசோதாவ சாகடிக்கிறது ரொம்ப முக்கியம்னு. கவுன்சில் கூட்டத்துல அஜெண்டா படிக்கிறதுக்குள்ள ஆல் பாஸ் ஆல் பாஸ்னு கத்திட்டு டீ குடிக்கப் போனவங்களை எத்தன வருஷம் பாத்திருக்கேன். நீ ஜெயிச்சா அதுல ஒரு ஆளா இல்லாம இருந்தாலே போதும்.

1912ல மாநில மேல்சபைக்குப் போறாரு. போன உடனே லாரன்ஸ்னு ஒரு மில் ஊர்ல பெரிய ஸ்ட்ரைக். பொம்பளைங்க, பசங்களுக்கு வார வேலை நேரத்தை 56 மணியில இருந்து 54ஆ சட்டம் கொறச்சா, மில்காரன் அந்த ரெண்டு மணி நேரக் கூலிய வெட்டிட்டான், ஜனவரி குளிர்ல மொத்தமா தெருவுக்கு வந்துட்டாங்க. சமரசம் பேச சட்டசபை போட்ட கமிட்டிக்கு இவருதான் தலைவர், மார்ச்ல கூலி உயர்வோட முடிஞ்சுது. 1914ல மேல்சபைக்கே தலைவராயிட்டாரு. அடுத்த வருஷம் மறுபடி தேர்ந்தெடுத்தப்ப பேசின பேச்சு மொத்தமே நாப்பத்தி சொச்சம் வார்த்தை, கடைசியில சுருக்கமா பேசுங்க, எல்லாத்துக்கும் மேல சுருக்கமா பேசுங்கன்னு முடிச்சாரு. நம்ம ஊர்ல பொன்னாடை போத்தவே அரை மணி ஆகும்.

முழுக்க நல்லவர்னு சொல்லல மச்சான். இந்த மாநிலத்துக்கு கவர்னரா இருந்தப்ப 1919 செப்டம்பர்ல பாஸ்டன் போலீஸ்காரங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, சுமாரா ஆயிரத்து நூறு பேரு. ஒருத்தரையும் திரும்ப எடுக்கல. பொதுமக்கள் பாதுகாப்புக்கு எதிரா யாருக்கும், எங்கயும், எப்பவும் ஸ்ட்ரைக் பண்ற உரிமை கெடையாதுன்னு ஒரு தந்தி அடிச்சாரு, அந்தத் தந்தியாலதான் நாடு பூரா பேரு பரவி துணை ஜனாதிபதி ஆனாரு. அதைப் படிச்சப்ப எனக்கு 2003 ஜூலைதான் ஞாபகம் வந்துச்சு, ஒரே உத்தரவுல நம்ம மாநிலத்துல லட்சத்துக்கும் மேல அரசு ஊழியருங்களை வீட்டுக்கு அனுப்பினாங்களே, சுப்ரீம் கோர்ட்டும் ஸ்ட்ரைக் உங்க உரிமையில்லன்னு சொல்லுச்சே. நமக்காவது பெரும்பாலானவங்களுக்கு வேலை திரும்பக் கெடச்சுது. லாரன்ஸ்ல கூலிக்காரங்க பக்கமும் காது குடுத்த மனுஷன் ஏழே வருஷத்துல இப்படி ஆயிட்டாரேன்னு அன்னிக்கு லைப்ரரியில இருந்து கடுப்பாவே வந்தேன். ஜனாதிபதியா 1924ல கையெழுத்து போட்ட குடியேற்றச் சட்டம், ஆசியாக்காரங்களுக்கு இருந்த கதவை இன்னும் இறுக்கிச் சாத்துச்சு. அது அப்படியே இருந்திருந்தா எம்மக இங்க வந்திருக்க முடியாது.

இன்னொன்னு சொல்லணும், அவரு இங்க இருந்த வீடு. மாசசாய்ட் ஸ்ட்ரீட்ல ஒரே கட்டடத்துல ரெண்டு குடித்தனம், அதுல ஒரு பாதி, வாடகைக்கு. மேயரா அங்க இருந்தாரு, கவர்னரா இருந்தப்பவும் அதான் வீடு, 1929ல ஜனாதிபதி பதவி முடிஞ்சும் அதே வாடகை வீட்டுக்குத்தான் வந்தாரு. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தா கார்ல வேடிக்கை பாக்க வந்தவங்க தொல்லை தாங்காம அடுத்த வருஷம் கேட் வெச்ச பெரிய வீடு வாங்கிட்டுப் போயிட்டாரு. போன ஞாயித்துக்கிழமை மகளைக் கூட்டிட்டுப் போயி எதிர்ப்பக்கம் நின்னு அந்தப் பழைய வீட்டைப் பாத்தேன். இப்பவும் குடித்தனம் இருக்கு, படியில யாரோ பூசணிக்காய் வெச்சிருந்தாங்க. எம்மக, அப்பா அடுத்தவங்க வீட்டை இப்படி முறைச்சுப் பாக்கக் கூடாது வாங்கன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

கடைசியா ஒண்ணு. இந்த ஊர்ல லூசின்னு ஒரு செருப்புத் தைக்கிறவரு இருந்தாரு, அயர்லாந்துல இருந்து வந்தவரு. கூலிட்ஜ் சின்ன வயசுல ஷூ தைக்கப் போயி அந்தக் கடையிலயே உக்காந்து பேச்சுக் கேட்டுட்டு இருப்பாராம், ஊர்ல இருந்த அயர்லாந்துக்காரங்ககிட்ட இவரைச் சேத்து விட்டதே அவருதான். 1923 ஆகஸ்ட்ல அப்ப இருந்த ஜனாதிபதி ஹார்டிங் செத்துப் போக, ராத்திரி ரெண்டே முக்கால் மணிக்கு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல அப்பாவே சத்தியப்பிரமாணம் பண்ணி வெச்சு இவரு ஜனாதிபதி ஆயிட்டாரு. அந்த வேலைக்கு நடுவுல லூசிக்கு லெட்டர் போடுறாரு, நீங்க இல்லன்னா நான் இங்க இருந்திருக்க மாட்டேன், உங்க மேல எனக்கு எவ்ளோ பிரியம்னு சொல்லணும், ரொம்ப உழைக்காதீங்கன்னு. பேச்சே வராத மனுஷன் எழுதினது.

நீ நிக்கிறதா இருந்தா நில்லு, ஆனா மொதல்ல தங்கச்சிகிட்ட போயி ஓட்டு கேளு, அது போடலன்னா வார்டுல எவனும் போட மாட்டான். டிசம்பர் கடைசியில வந்துடுவேன், வந்தா வாக்காளர் பட்டியலை வெச்சு தெருத்தெருவா உனக்கு சொல்றேன், எந்த வீட்ல நாய் இருக்குன்னு உட்பட.

அப்புறம் ஒரு உதவி. பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில உக்காருவாரே, அவர்கிட்ட என் கறுப்பு செருப்பைத் தைக்கக் குடுத்துட்டு அவசரத்துல ஃப்ளைட் ஏறிட்டேன், காசும் குடுக்கல. எவ்ளோன்னு கேட்டு குடுத்துட்டு வாங்கி வை. சும்மா வாங்கிட்டு ஓடிடாத, கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வா.

உன்
மச்சான்