டூப்ளே நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை

சார்செல்,
ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

ஆகஸ்டில் நீயும் அம்மாவும் பெரியம்மாவும் பாரிஸ் வரும்போது தங்கலாம் என்று நீ அனுப்பிய ஓட்டல் முகவரி கிடைத்தது. விலையைப் பார்த்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் பணம் கட்டிவிடாதே. இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

முதல் விஷயம், அந்த ஓட்டல் பெயரில் 'பாரிஸ்' இருக்கிறதே தவிர, அது பாரிஸில் இல்லை. அஞ்சல் குறியீட்டைப் பார். 93-ல் தொடங்குகிறது. பாரிஸ் நகரத்துக்குள் இருக்கிற முகவரி என்றால் 75-ல்தான் தொடங்கும். நகரத்தை 20 வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றில் தொடங்கி, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே போகும். குறியீட்டின் கடைசி இரண்டு எண்தான் வட்டாரத்தின் எண். 75005 என்றால் ஐந்தாவது, 75015 என்றால் பதினைந்தாவது. ஓட்டல் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் அந்த ஐந்து எண்ணைப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே போய்ப் பார்த்தேன். பத்தரை மணி இருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பாலம், அதன் அடியில் நடக்க வேண்டும். அப்புறம் ஒரு நீளத் தெரு. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஷட்டர் இறக்கிய கடைகள். மூலையில் நாலைந்து பையன்கள் நின்றிருந்தார்கள். எங்களை ஒன்றும் செய்யவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிஷ நடையில் திறந்த கதவு என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் பெட்டியை இழுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் வருவதை நினைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

'நீ மட்டும் சார்செல் மாதிரிப் புறநகரில் இருக்கிறாயே' என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் இருக்கும் ஊர் பேரைச் சொன்னாலே இங்கே சிலர் முகம் மாறிவிடும். ஆனால் எனக்கு இங்கே ரொட்டிக்கடைக்காரரைத் தெரியும், கீழ் வீட்டு அல்ஜீரியக்காரப் பாட்டியைத் தெரியும். நம் புதுச்சேரிக் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. எந்த லிஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது, எந்த மூலையில் எந்த நேரத்தில் நிற்கக்கூடாது என்பதெல்லாம் பழகிவிட்டது. வேலை முடிந்து லேட்டாக வந்தால் யாராவது 'பொன்சுவார் மதாம்' என்று குரல் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பாதுகாப்பு. பத்து நாளைக்கு வருகிற உங்களுக்கு அது கிடைக்காது. அதனால் யாரையும் தெரியாதவர்களுக்கும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் துணை நிற்கிற தெருவாகப் பார்க்க வேண்டும். எங்கள் இரண்டு அறை வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் போக இடமில்லை என்பது உனக்கே தெரியும். இல்லாவிட்டால் உங்களை வெளியே தங்கவிடுவேனா?

உன் அடுத்த யோசனை, பாரிஸின் பெரிய ரயில் நிலையமான கார் து நோருக்கு எதிரில் அறை எடுக்கலாம் என்பது. விமான நிலையத்திலிருந்து ஒரே ரயில், நம் ஆட்கள் கடை பக்கத்திலேயே, மாணிக்க விநாயகர் கோயிலுக்கும் நடந்து போகலாம். நீ சொல்வது அத்தனையும் சரி. நானே தினமும் காலையில் ஐந்தரைக்கு அங்கே இறங்கித்தான் மெட்ரோ மாறுகிறேன். பகலில், நம் ஆட்கள் கடைகள் இருக்கிற லா ஷப்பல் பக்கம் போனால் எனக்கே ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் குவிந்து கிடக்கும். ஆனால் பெட்டியோடு வந்து இறங்குகிற, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிற ஆட்களுக்காகவே அந்த நிலையத்து வாசலில் ஜேப்படிக்காரர்கள் காத்திருப்பார்கள். ராத்திரியில் அங்கிருந்து பார்பெஸ் போகிற பக்கம் கூட்டமும் கூச்சலுமாக இருக்கும். அங்கே போய் வருவோம், தங்க வேண்டாம்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு அடிதடியைவிடத் திருட்டுதான் பெரிய தொல்லை. இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வந்த முதல் வருஷம், ஒரு நாள் உன்னோடு வீடியோவில் பேசிக்கொண்டே மெட்ரோவில் வந்தேனே, பெரியவன் பல் முளைத்ததைக் காட்டினேனே, நடுவில் படம் நின்றுபோனது. 'லைன் கட்டாயிடுச்சு' என்று மறுநாள் சொன்னேன். அது பொய். கதவோரம் நின்றிருந்தேன். கதவு மூடப் போகிற மணி அடித்தது. ஒரு கை நீண்டது, போன் போய்விட்டது, கதவும் மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் ஓடவில்லை, சாதாரணமாக நடந்து போனான். அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடுப்பில் குழந்தை. ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதுகொண்டே வந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் திரும்பி வந்துவிடு என்று சொல்லுவாள் என்று மறைத்தேன்.

இப்போது எட்டு வருஷமாக ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். காலையில் பாஸ்போர்ட் தொலைந்து அழுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வரும். அவர்கள் ஏமாந்த இடம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான்: கூட்டமான ஒன்றாம் எண் மெட்ரோ, ஈஃபில் கோபுரத்தடி, சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் கையைப் பிடித்து நூல் கட்டிவிடுவார்கள், அப்புறம் காசு கேட்டு விடமாட்டார்கள். பெரியம்மா யார் கையை நீட்டினாலும் கொடுத்துவிடுவாள், இப்போதே சொல்லி வை. கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டும் பெண்களுக்கும் நின்று பதில் சொல்ல வேண்டாம்.

சரி, எங்கே தங்குவது? நான் பார்த்து வைத்திருப்பது பதினைந்தாவது வட்டாரத்தில், டூப்ளே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். ஆமாம், நம் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் சிலையாக நிற்கிறாரே பழைய பிரெஞ்சு கவர்னர், அதே டூப்ளேதான். கொஞ்சம் நடந்தால் சுஃப்ரேன் அவென்யூ வரும். நம் ஊர் சுஃப்ரேன் வீதிப் பெயரை அங்கே பார்த்தால் அம்மா நிச்சயம் நின்றுவிடுவாள். ஆனால் பெயருக்காக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது சாதாரணக் குடும்பங்கள் வாழ்கிற இடம். பாரிஸிலேயே அதிக ஜனங்கள் இருப்பது அந்த வட்டாரத்தில்தான். மெட்ரோ அங்கே தரைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. புதன், ஞாயிறு காலைகளில் அந்தப் பாலத்தின் அடியில் காய்கறிச் சந்தை. மாலையில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாக்கள் ரொட்டி வாங்க நிற்பார்கள். ஈஃபில் கோபுரம் நடக்கிற தூரம். என் ஓட்டலும் அங்கிருந்து இரண்டு தெருதான், மத்தியானம் வேலை முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன்.

அங்கேயும் ராத்திரி நடந்து பார்த்தேன். நிலையத்திலிருந்து நாலு நிமிஷம். ஒரு மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை எரிந்தது. ஒரு காப்பிக் கடையில் வயசானவர்கள் வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி தனியாக நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பாட்டியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒன்று மட்டும் யோசித்தேன். ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் நிறையப் பேர் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், உள் தெருக்களில் ரொட்டிக்கடைகூட மூடிவிடும். அதனால் பெரிய சாலையை ஒட்டியே அறை பார்த்தேன். சத்தம் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. இரண்டு ஆளும் ஒரு பெட்டியும் நின்றால் நிறைந்துவிடும் லிஃப்ட், ஆனாலும் அம்மாவின் முட்டிக்கு அது வேண்டும். இங்கே பழைய மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான். அம்மாவோடு போகும்போதெல்லாம் பஸ்ஸிலேயே போகலாம்.

விமான நிலையத்தில் நான் வந்து நிற்பேன். ஒருவேளை என்னைக் காணவில்லை என்றால், உள்ளேயே வந்து 'டாக்ஸி, டாக்ஸி' என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதே. வெளியே பலகை வைத்த வரிசையில் நில். கட்டணம் அரசாங்கம் நிர்ணயித்தது. சேன் நதிக்குத் தென்கரைக்கு இப்போது 65 யூரோ, பதினைந்தாவது வட்டாரம் தென்கரைதான். மூன்று பேருக்கும் பெட்டிகளுக்கும் அது அதிகமில்லை. ஏதாவது அவசரம் என்றால் 112.

தேர் ஆகஸ்ட் கடைசியில். மாணிக்க விநாயகர் தேர் லா ஷப்பல் தெருக்களில் வரும்போது சாலை முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். வெள்ளைக்காரர்கள்கூட மஞ்சள் தண்ணீரில் நனைந்துகொண்டு பார்ப்பார்கள். டூப்ளேயிலிருந்து ஆறாம் எண் மெட்ரோவில் எத்துவால் வரை, அங்கே இரண்டாம் எண்ணுக்கு மாறினால் லா ஷப்பலிலேயே இறக்கிவிடும். அன்றைக்குக் கூட்டம் அதிகம், கழுத்துத் தங்கத்தைப் பறிக்கிறது இங்கேயும் உண்டு. அம்மாவிடம் தாலியை மஞ்சள் கயிற்றில் போட்டுக்கொண்டு வரச் சொல். சங்கிலி அப்பாவிடம் வீட்டில் இருக்கட்டும். நான் சொன்னால் கோபித்துக்கொள்வாள், நீ பக்குவமாகச் சொல்.

அந்த அறையை வியாழக்கிழமை வரை பிடித்து வைப்பதாக அங்கே இருக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். நீ பார்த்ததைவிட ராத்திரிக்கு 30 யூரோ அதிகம். அந்த வித்தியாசத்தை நானும் மாமாவும் கட்டுகிறோம், அதில் பேச்சே வேண்டாம். புதன்கிழமை ராத்திரி போன் செய். வரும்போது பெரியம்மா கை வடகம் கொஞ்சம் வேண்டும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா