டிசம்பர் மாதத்து வீட்டுக் கணக்கு

லெஸ்டர், இங்கிலாந்து
டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நலத்தையும் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பண்டிகை மாதத்தில் யாராவது வீட்டுச் சாமானை வெளியே அனுப்புவார்களா, பணமுடை ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். பிள்ளைகள் அருகில் இருந்ததால் அப்போது சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். பணமுடை எதுவும் இல்லை, அப்பா. அது வராமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இங்கே டிசம்பரில் கையிருப்பைக் கரைப்பது ஒரு பெரிய செலவல்ல, வீட்டில் ஏற்கெனவே இருப்பது தெரியாமல் மறுபடியும் வாங்கும் சின்னச் சின்னச் சாமான்கள்தான் என்பது என் கணிப்பு. ஆகவே வாங்கும் பட்டியலை எழுதுவதற்கு முன்பாக வீட்டிலுள்ள அடைசலை ஒழித்துவிட வேண்டும் என்று நானும் உங்கள் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்துகொண்டோம்.

கிறிஸ்துமஸ் நமக்குச் சொந்தப் பண்டிகை இல்லைதான். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை ஒதுக்கிவிட்டு வாழ முடியாது, ஒதுக்க வேண்டிய காரணமும் இல்லை. நவம்பர் பிறந்ததும் கடைவீதியில் விளக்குகள் ஏறிவிடும். அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கமாக 'பிளாக் ஃபிரைடே' தள்ளுபடி. டிசம்பர் 26-ஆம் தேதி 'பாக்ஸிங் டே' தள்ளுபடி. இவற்றுக்கு நடுவே பள்ளியில் விருந்து, வகுப்பில் வாழ்த்து அட்டை, ஆசிரியருக்குச் சிறு பரிசு, அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்துக் கொடுக்கும் பரிசு என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறுதொகையாகத்தான் தெரியும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பவருக்குத்தான் வயிறு கலங்கும்.

வீடு நிரம்பும் விதத்தையும் சொல்ல வேண்டும். எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடு. கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறைகள். மாடிப்படிக்கு அடியில் உள்ள சின்ன அறைதான் பரண், சாமான் அறை எல்லாம். இங்கே சிறு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். பிறந்தநாள் வந்தால் அந்த வகுப்பு முழுவதையும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பரிசு கொண்டுவருவார்கள். நம் பிள்ளை போகும் விழாக்களிலிருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பை திரும்பி வரும், அதில் விசிலும் பம்பரமும் மறுநாளே உடைந்துபோகும் ஏதோவொரு பிளாஸ்டிக் பொருளும் இருக்கும். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் பிள்ளைகள் வெளியே போய் விளையாட வழியில்லை. இத்தனை சாமானும் கூடத்தில் கால்வைக்க இடமில்லாமல் பரவிக் கிடக்கும். இவ்வளவு இருந்தும் விளையாட ஒன்றுமில்லை என்று சின்னவள் சிணுங்குவாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடைசலுக்கு அடியில் இருப்பது அவள் கண்ணுக்குப் படுவதில்லை.

பெட்டிகளில் நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் விளையாட்டுச் சாமான்களும் சிறுத்துப்போன உடைகளும்தான். இவை 'சாரிட்டி ஷாப்' எனப்படும் தருமக் கடைகளுக்குப் போகும். மருத்துவ ஆராய்ச்சி, முதியோர் நலம், பஞ்ச நிவாரணம் என்று ஏதாவதொரு நற்பணிக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் கடை அது. மக்கள் இலவசமாகக் கொடுக்கும் பழைய சாமானைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை அந்தப் பணிக்குச் செலவிடுவார்கள். கடைத்தெருவில் இப்படிப்பட்ட கடைகள் பல இருக்கும் ஊர்களும் உண்டு. அங்கே வாங்குவதை யாரும் இழிவாக நினைப்பதில்லை; என்னுடைய குளிர்கோட்டு அங்கே வாங்கியதுதான், அம்மா அதைப் பார்த்துவிட்டு விலை அதிகமோ என்று கேட்டார்கள்!

கணக்குத் துறையில் இருந்த உங்களுக்கு இதில் ஒரு விவரம் பிடிக்கும். 'கிஃப்ட் எய்ட்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. வருமான வரி கட்டுபவர் அதற்கான படிவத்தில் ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், அவர் கொடுத்த சாமான் விற்று வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு தன் வரிப்பணத்திலிருந்து 25 பென்ஸ், அதாவது கால் பவுண்டு, அந்த அறக்கட்டளைக்குச் சேர்த்துக் கொடுக்கும். நம் பெயருக்கு உரிய பார்கோடு ஒட்டிகளைப் பையில் ஒட்டிக் கொடுத்தால் போதும். எவ்வளவுக்கு விற்றது என்று பின்னர் நமக்குத் தகவலும் வரும். சட்டப்படி சாமான் விற்கும்வரை நம்முடையதுதான், கடைக்காரர் நம் சார்பில் விற்றுத் தருகிறார், வந்த தொகையை நாம் நன்கொடையாக விட்டுவிடுகிறோம் என்பது இதன் அடிப்படை.

ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் கட்டி அங்கே தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. விற்க முடியாததைக் கொடுத்தால் அதை அப்புறப்படுத்தும் செலவு அந்தக் கடையின் தலையில் விழும், அது தருமமாகாது. சட்டமும் சிலவற்றைத் தடுக்கிறது. விளையாட்டுச் சாமானில் 'சிஇ' அல்லது 'யுகேசிஏ' என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள். பொம்மைக் கரடியின் இடுப்பில் தொங்கும் துணிச்சீட்டு உறுத்துகிறது என்று பலர் கத்தரித்துவிடுகிறார்கள். அந்த முத்திரை அச்சாகியிருப்பது அதில்தான், அது போனால் புதுக் கரடியும் குப்பைக்குத்தான். சோபா போன்ற மெத்தை வைத்த இருக்கைகளுக்குத் தீப்பிடிக்காத் தன்மைக்கான சீட்டு வேண்டும் என்று 1988-இல் விதி வந்தது. சீட்டு இல்லாத சோபாவைத் தருமக் கடைக்காரர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கிழிந்த துணியைத் தனிப் பையில் கட்டி அதன்மேல் எழுதிக் கொடுத்தால் சில கடைகள் ஏற்றுக்கொண்டு, எடைக்கு எடுக்கும் துணி வியாபாரிகளுக்கு விற்றுவிடுகின்றன.

ஆகவே பிரிப்பது பொறுமையான வேலை. சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் பெரியவனும் சின்னவளும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, படத்துண்டுகளைக் கோக்கும் புதிர்ப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொட்டி முழுப் படமாக அடுக்கினார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அதை வாங்கிப்போகும் குழந்தை கடைசியில் ஏமாந்துபோகும் என்று பெரியவனே தங்கைக்கு விளக்கினான். யானைப் படத்தில் காது இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தது. சோபா மெத்தைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவி அந்தத் துண்டை எடுத்துவந்து பொருத்திய பிறகுதான் பெட்டியை மூடி நாடா ஒட்டினார்கள். பக்கத்தில் உங்கள் மாப்பிள்ளை சின்னத் திருப்புளியை வைத்துக்கொண்டு, ஓடாத கார்களின் அடிமூடியைக் கழற்றி, உப்புப் பூத்துப்போன பேட்டரிகளை ஒரு டப்பாவில் சேகரித்தார். அவற்றைக் குப்பையில் போடக் கூடாது. ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது இங்கே விதி; பெரிய மளிகைக் கடை வாசலிலேயே அதற்கென்று பெட்டி இருக்கும். பேட்டரி இடங்களைத் துடைத்துப் புதியதைப் போட்டதும் மூன்று கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பிள்ளைகள் கடிதம் எழுதிக் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் கேட்டிருந்த பட்டியலிலிருந்து காரை அவர்களே அடித்துவிட்டார்கள்.

எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டோம். தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் பிடுங்கப்பட்ட பிள்ளை அடுத்ததை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இதைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே செய்வதற்கும் காரணம் உண்டு. இந்த வாரங்களில் குறைந்த செலவில் பரிசு தேடும் பெற்றோர் தருமக் கடைகளுக்கு வருகிறார்கள், நாம் கொடுத்தது ஒரு குழந்தையின் கைக்கு உடனே போய்ச் சேரும். ஜனவரியில் எல்லா வீட்டுக் கழிவும் ஒரே நேரத்தில் அங்கே குவியும்.

சமையலறை அலமாரியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பிரித்த பட்டைப் பொட்டலங்கள் மூன்றும் யாரும் தொடாத கடலை மாவும் கிடைத்தன. இங்கே உணவுப் பொட்டலங்களில் இரண்டு விதமான தேதி இருக்கும்: ஒன்று அதற்குமேல் உண்டால் உடலுக்கு ஆபத்து என்பது, மற்றது அதற்குமேல் சுவை சற்றுக் குறையலாம் என்பது மட்டுமே. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பல வீடுகளில் நல்ல பருப்பும் அரிசியும் குப்பைக்குப் போகின்றன. பிரிக்காத, தேதி உள்ள டப்பாக்களை மளிகைக் கடையில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் உணவு வங்கிக்காக வைத்திருக்கும் கூடையில் போட்டுவிட்டோம்.

வாழ்த்து அட்டைக்கு வருகிறேன். லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவர், எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஒருவரைக் கொண்டு படம் வரையச் செய்து ஆயிரம் அட்டைகள் அச்சிட்டாராம். ஓர் அட்டை ஒரு ஷில்லிங், அன்றைய கூலிக்காரர்களுக்கு எட்டாத விலை. நேரத்தை மிச்சப்படுத்தத் தொடங்கிய பழக்கம் இன்று அம்மாக்களின் இரவு நேரத்தைத் தின்கிறது என்பது என் குறை. சென்ற ஆண்டு வந்த அட்டைகளை நான் எறியவில்லை. அவற்றின் முன்பக்கப் படங்களைக் கத்தரித்து, பரிசுப் பொட்டலங்களில் பெயர் எழுதித் தொங்கவிடும் சீட்டாக்கிக்கொள்கிறோம். பொட்டலம் சுற்றும் காகிதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையால் கசக்கிப் பார்த்தால் சுருண்டபடியே இருக்கும் காகிதம் மறுசுழற்சிக்கு ஆகும். மீண்டும் விரிந்துகொண்டாலோ மினுக்குத்தூள் ஒட்டியிருந்தாலோ ஆகாது. நாங்கள் பழுப்புக் காகிதத்தையும் பழைய பருத்தித் துப்பட்டாவையும் வைத்தே சுற்றிவிடுகிறோம்.

இங்குள்ள நம் நண்பர்கள் ஆறு குடும்பத்தாரும் சேர்ந்து இந்த ஆண்டு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பெரியவர்களுக்குப் பரிசு கிடையாது. பிள்ளைகளுக்குள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பரிசு, பத்து பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, பழையதாக இருந்தாலும் குறையில்லை. முதலில் ஒருவருக்கொருவர் தயங்கினோம். யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்களா என்று எல்லாருமே காத்திருந்திருக்கிறோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள், ரயிலும் ஓடாது. அடைப்பு அந்த ஒரு நாள்தான், மறுநாள் காலையிலேயே பல கடைகள் திறந்துவிடும். ஆனாலும் 23-ஆம் தேதி கடைக்குள் போனால் ஊரை முற்றுகையிட்டுவிட்டார்கள் என்றே தோன்றும். ரொட்டியும் பாலும் வண்டி வண்டியாகப் போகும். நாங்கள் முந்தைய வாரமே வாங்கி முடித்துவிடுவோம். இணையத்தில் வாங்கியதைப் பிடிக்கவில்லையென்றால் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு, கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை, கடைக்காரர் மனம் வைத்தால்தான். அதனால் ரசீதுகளையெல்லாம் உங்கள் மாப்பிள்ளை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

சிக்கனம் என்றதும் பிள்ளைகளைக் குளிரில் வைத்திருக்கிறோமோ என்று அம்மா கவலைப்பட வேண்டாம். அறையைச் சூடாக வைப்பதிலும், காலணியிலும், பல் மருத்துவத்திலும் சிக்கனம் பார்ப்பது இல்லை. பள்ளிச் சீருடையில் மட்டும் பழையது வாங்குகிறோம். சீருடைச் செலவைக் குறைக்க 2021-இல் வந்த சட்டத்தின் வழிகாட்டுதல்படி பள்ளியே பழைய சீருடை கிடைக்க ஏற்பாடு செய்யவேண்டும், எங்கள் பள்ளியில் வாசலருகே ஒரு தாங்கியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மிச்சமாகும் தொகை கோடைக்கால விமானச் சீட்டுக்கென்று தனியாகப் போகிறது. பள்ளி நாட்களில் அனுமதியின்றிப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் சென்றால் 2024 ஆகஸ்டு முதல் ஒரு பிள்ளைக்கு, தாய் தந்தை ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே ஜூலையில் பள்ளி மூடிய பிறகுதான் கிளம்ப முடியும், கட்டணம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். டிசம்பரில் கையை இறுக்கினால்தான் நான்கு பேரும் சேர்ந்து வர முடியும்.

ஜனவரியில் சித்தப்பா மகன் இங்கே படிக்க வரும்போது அவன் பெட்டியில் எவர்சில்வர் பாத்திரம், போர்வை என்று எதையும் அம்மா கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வைக்க இடமில்லை, அவனுக்கும் எடை கட்டுப்பாடு இருக்கிறது. எதையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பெரியவனுக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஒன்று போதும். அவன் படித்து முடித்ததும் கேட்டு வாங்கிக்கொள்ள இங்கே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்