பெயர் மாற்றி அனுப்பிய புல் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா/அம்மா,

மூன்று மாதங்களுக்கு முன் உங்களிடம் 40 சதுர மீட்டருக்கு, தோட்டத்தில் பதிக்கும் புல் பாய்கள் வாங்கினேன். ரசீதில் 'கலப்பின பெர்முடா' என்று இருக்கிறது, அதாவது அருகம்புல் இனம். வந்தது பெர்முடா இல்லை.

உங்கள் பராமரிப்புத் தாளில் சொன்னபடி ஓர் அங்குல உயரத்துக்கு வெட்டினேன். இரண்டாம் முறை வெட்டியதுமே பச்சை போய்விட்டது. தடித்த கொடிகள் மட்டும் வெளுத்துக் கிடந்தன. தொலைபேசியில் கேட்டதற்கு, "புது இடம், போகப் போகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் விடுங்கள்" என்றார்கள். விட்டேன். திட்டுத் திட்டாகக் காய்ந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு கொடியைப் பிடுங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலை அகலம் 8 மி.மீ. பெர்முடா 4 மி.மீ. தாண்டுவதே அரிது. அதன் இலை நுனி கூராக இருக்கும். இதில் படகு முனை போல மழுங்கியிருக்கிறது. இலை, தண்டைச் சுற்றியிருக்கும் உறையோடு சேரும் இடத்தில் ஒடுங்கிச் சட்டென்று திரும்புகிறது. மண்ணைக் கிளறியும் பார்த்தேன், அடியில் ஓடும் தண்டு ஒன்றுகூட இல்லை. இது செயின்ட் அகஸ்டின் புல்.

பெர்முடாவை ஒட்ட வெட்டினாலும் மண்ணுக்கடியில் உள்ள தண்டிலிருந்து துளிர்த்துவிடும். இதற்கு அந்த வழி கிடையாது, மேலே ஓடும் கொடி பட்டுப்போனால் அவ்வளவுதான். இதை 3 அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு வெட்டவேண்டும். உங்கள் தாளை நம்பி, நன்றாக இருந்த புல்லை நானே வெட்டிச் சாகடித்திருக்கிறேன். அதுதான் மனதை அறுக்கிறது. மரத்தடியில் இயந்திரம் நுழையாத மூலையில் மட்டும் புல் இன்னமும் அடர்த்தியாக நிற்கிறது. அந்த நிழலில் பெர்முடா இப்படி நிற்காது.

போன வாரம் உங்கள் ஊழியர் 2,4-டி களைக்கொல்லி அடிக்கச் சொன்னார். நல்லவேளை, அடிக்கவில்லை. அது இந்தப் புல்லையே வாட்டும், வெயில் ஏறினால் இன்னும் மோசம்.

அனுப்பிய புல் எது என்று தாவரவியல் பெயரோடு எழுதிக் கொடுங்கள். 'பஃபலோ புல்' என்று எழுதினால் போதாது, இதைச் சில நாடுகளில் அப்படிச் சொன்னாலும் வட அமெரிக்காவில் அந்தப் பெயரில் வேறொரு புல் இருக்கிறது. காய்ந்த பகுதிக்கு இதே வகைப் பாய்களை உங்கள் செலவில் பதித்துத் தரவேண்டும். இதே தாளோடு இந்தப் புல்லை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

ரசீது நகலும், காகிதத்தில் ஒட்டிய ஒரு கொடியும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்