பல்லில் கம்பி, கையில் டிரம்பெட்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "டிரம்பெட்டில் காற்று கசிகிறது, பாருங்கள்" என்று கொண்டு வருகிறார்கள். வால்வைக் கழற்றி, எண்ணெய் விட்டு, ஊதிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கூட வந்த பிள்ளை சிரிக்கும்போதுதான் புரிகிறது: பல்லில் புதிதாகப் போட்ட கம்பி. இப்படி வருபவர்கள் கூடிக்கொண்டே போவதால் இந்த மடல்.

கருவியை மாற்ற வேண்டாம். பல்லில் ஒட்டிய உலோகப் பொட்டுகள் உதட்டை முன்னே தள்ளியிருக்கின்றன. உதட்டைக் கருவியில் வைத்த பழைய விதம் இனி பொருந்தாது.

டிரம்பெட்டும் ஹார்னும் வாசிப்பவர்களுக்குத்தான் பாடு அதிகம். சிறிய மவுத்பீஸின் (உதட்டை வைத்து ஊதும் முனையின்) விளிம்பு உதட்டை நேரே பொட்டின்மேல் அழுத்தும். மேல் சுரம் எட்டவில்லை என்று இன்னும் அழுத்துவார்கள். ஊதி முடித்து உதட்டைப் புரட்டிப் பார்த்தால் உட்புறத்தில் வரிசையாகப் பொட்டுகளின் அச்சு. டிராம்போன், டியூபாவில் மவுத்பீஸ் அகலம், வலி குறைவு. கிளாரினெட், சாக்சபோனில் கீழ் உதட்டை மடித்துப் பல்லின்மேல் வைப்பதால் அங்கே கிழிக்கும். ஓபோவில் இரண்டு உதடுகளும் மாட்டிக்கொள்ளும். புல்லாங்குழலில் காயம் குறைவு, காற்று விழும் கோணத்தைத்தான் மறுபடி தேட வேண்டும்.

உதடு கிழியாமல் இருக்க, பல் மருத்துவர் தரும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி, பொட்டை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் இரண்டாம் வரியிலேயே கழன்று ரீடில் (ஊதும்போது அதிரும் மெல்லிய தகட்டில்) அப்பிக்கொள்ளும். (அதைச் சுரண்டி எடுப்பதும் எங்கள் வேலைதான்.) பல்லின்மேல் மாட்டும் சிலிக்கான் உறையும் எங்களிடம் உண்டு. ஆனால் அது உதட்டை இன்னும் தள்ளும். மெழுகு போதாதபோது வாங்கினால் போதும்.

கம்பியை இறுக்கிய நாளில் பல்லெல்லாம் வலிக்கும். விரல் பயிற்சியோடு நிறுத்துங்கள். பிறகு பத்துப் பத்து நிமிடமாக, நடு ஸ்தாயியில் நீண்ட சுரங்கள். அழுத்தத்தைக் குறைத்து மூச்சைக் கூட்டுவதுதான் வழி. மேல் சுரங்கள் கடைசியாகத்தான் திரும்பும்.

இன்னும் கம்பி போடாதவர்கள், ஊதும் கருவி வாசிப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பல்லின் உட்புறம் பொருத்தும் கம்பி உதட்டைக் காப்பாற்றும், நாக்கை உரசும். கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் அலைனர் (பல்லை நேராக்கும் உறை) வசதிதான். ஆனால் பொதுவாக நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரம் போக மிஞ்சுவதே சாதகத்துக்கு.

கம்பி கழற்றும் வாரத்தில் கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள். பல் வழுக்கும், உதட்டுக்கு மீண்டும் புது இடம்.

அடுத்த முறை கருவி பழுது என்று வரும்போது, வாசிக்கும் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
கடையினர்