மாடியில் ஒரு கரி வட்டம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத மனசு வரவில்லை. நம் நாடகக் குழு ஒத்திகை பார்த்த கோடம்பாக்கம் மாடியைக் காலி செய்துவிட்டோம். ஓனர் வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிட்டார். அவர்மேல் வருத்தமில்லை. பதினோரு வருஷத்தில் இரண்டே தடவைதான் வாடகை ஏற்றிய மனுஷர்.

பறை காய்ச்ச வைக்கோல் கொளுத்துவோமே, அந்த மூலை ஞாபகம் இருக்கிறதா? தரையில் கரி வட்டமாகப் படிந்திருந்தது. கடைசி நாள் பிள்ளைகள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "இடிக்கப்போற வீட்டை எதுக்குத் தம்பி கழுவுறீங்க?" என்றார் வாட்ச்மேன். யாரும் பதில் பேசவில்லை. முகமூடிகள் இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

இரண்டு மாதமாக இடம் தேடுகிறோம். "நாடகக் குழு" என்றதும் பாதிப் பேர் கதவைச் சாத்துகிறார்கள். மீதிப் பேர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கரண்டுக்குக் கடை ரேட். ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வாடகைக்கு மேல் 18 சதவீதம். லாபம் பார்க்கிற கம்பெனிக்கும், டிக்கெட் போடாமல் தெருவில் ஆடுகிற நமக்கும் ஒரே கணக்கு.

நிகழ்ச்சி நடத்த இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கை ஒரு சாயங்காலத்துக்கு எடுத்துவிடலாம். தினம் ஆறு மணிக்குக் கூட, நேற்று விட்ட இடத்தில் பெட்டியைத் திறக்க ஓர் இடம்தான் கிடைப்பதில்லை. நாடகம் வளர்வது அங்கேதானே.

போன ஞாயிறு ஈஞ்சம்பாக்கம் போய்ச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற காசைச் சேர்த்து வாங்கிய மண். அப்போது அது வெறும் கடற்கரை மணல். இன்று ஈசிஆரில் அந்த நிலத்தைத் தொட முடியுமா? அவர்களை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது என்பதே எனக்குப் பெரிய கலைப்படைப்பாகத் தெரிந்தது.

நாமும் அப்படி வாங்கலாமா என்று பேசினோம். பத்திரச் செலவே மதிப்பில் 9 சதவீதம். நாலைந்து குழுக்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்தால்தான் முடியும். அதுவரை மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை ஒன்றைச் சாயங்காலத்துக்குக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். பள்ளி விட்டபின் பூட்டிக் கிடக்கிற அறைதானே. கொடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் பறை சொல்லித்தருவோம்.

நீ ஒரு உதவி செய்யணும். உங்கள் சான் பிரான்சிஸ்கோவில் 2013-ல் தொடங்கிய கம்யூனிட்டி ஆர்ட்ஸ் ஸ்டெபிலைசேஷன் டிரஸ்ட், கலைக் குழுக்களுக்காகக் கட்டடம் வாங்கி வைத்திருந்து, குழு பணம் சேர்த்ததும் அதற்கே கொடுக்கிறதாமே. கவுண்டர்பல்ஸ் என்ற கலைக் குழு தன் டர்க் தெருக் கட்டடத்தை அப்படித்தான் சொந்தமாக்கிக்கொண்டது. நடுவில் மனை விலை ஏறினாலும் குழுவுக்குச் சொன்ன விலை ஏறாமலிருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார்கள்? நேரில் போய்க் கேட்டு, அந்த ஒரு பத்தியை மட்டும் எனக்கு அனுப்பு. இங்கே வக்கீலிடம் காட்டணும்.

தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய கூட்டாளி

சென்னை